நானூற்றுப் பன்னிரண்டாவது துண்டு

இலவசமாகக் கிடைக்கிற ஒன்றை மக்கள் கைக்குப் போகவிடாமல் பார்த்துக்கொள்ள எட்டு மாடிக் கட்டடமும் அறுநூறு ஊழியர்களும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நிர்வாகம் என்றால் என்னவென்று தெரியாது. அது அவ்வளவு சுலபமான வேலை இல்லை. மென்பொருள் வழங்கல் தலைமை இயக்ககம் இருபது வருடமாக அதைக் கண்ணும் கருத்துமாகச் செய்துவந்தது.

விஷயம் இதுதான். உலகத்தின் மூலைமுடுக்குகளில் உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாத சிலர் சேர்ந்து, சம்பளம் இல்லாமல், ஒரு மென்பொருளை எழுதுகிறார்கள். எழுதி முடித்ததும் பூட்டி வைப்பதில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், பிரித்துப் பாருங்கள், திருத்துங்கள், அடுத்தவருக்கும் கொடுங்கள் என்று திறந்து போட்டுவிடுகிறார்கள். திறந்த மூல மென்பொருள் என்று அதற்குப் பெயர். இப்படிக் கேட்பாரில்லாமல் ஒரு பொருள் கிடந்தால் எந்த இயக்ககத்துக்குத்தான் மனசு கேட்கும்? எடுத்து உள்ளே வைத்துக்கொண்டது. அரசு மருத்துவமனையோ நூலகமோ பள்ளிக்கூடமோ, எந்தக் கணினிக்கு எந்த மென்பொருள் வேண்டுமென்றாலும் இயக்ககத்தின் ஒரே ஒரு பெரிய சர்வரிலிருந்துதான் வரவேண்டும் என்று உத்தரவு போட்டது. அந்த சர்வர் வாரத்தில் இரண்டு நாள் நடக்கும், இரண்டு நாள் தவழும், மிச்ச நாள் படுத்துக்கொள்ளும்.

நம் கம்ப்யூட்டர்காரர் ஒரு பெரிய மருத்துவமனையில் வேலை பார்த்தார். பிணவறைக்கும் துணி துவைக்கும் அறைக்கும் நடுவில் அவருடைய அறை. பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. டாக்டரிலிருந்து துப்புரவுப் பெண் வரைக்கும் எல்லாருக்கும் அவர் கம்ப்யூட்டர்காரர்தான். பிரிண்டரில் காகிதம் மாட்டிக்கொண்டால் எடுப்பார், திரை கறுத்துப்போனால் வெளுக்க வைப்பார். மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தால் எழுத்துப் பிசகாமல் நடப்பார். நல்ல மனிதர், ஆனால் முத்திரை குத்திய காகிதத்தைப் பார்த்தால் எழுந்து நிற்கிற ரகம்.

அவருடைய அக்கா அதே மருத்துவமனையின் நரம்பு வார்டில் பதினேழாம் படுக்கையில் இருந்தாள். இருபத்திரண்டு வருடம் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள். அந்த நகரத்தில் ஸ்டியரிங் பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள். அவள் "பிரேக்!" என்று கத்தினால் பக்கத்துத் தெருவில் போகிறவனும் பிரேக் போடுவான் என்று சொல்வார்கள். தசைகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்க வைக்கிற ஒரு நோய் அவளுக்கு வந்தது. முதலில் கால் போயிற்று, பிறகு கை, பிறகு அந்தக் குரல். தம்பிக்கு அவள் குரல் போனதுதான் தாங்கவில்லை.

மிச்சம் இருந்தது வலது ஆள்காட்டி விரல் ஒன்றுதான். படுக்கைக்கு மேலே ஒரு கம்பியில் பேசும் கருவி தொங்கியது. இயக்ககம் கொடுத்தது. அதன் திரையில் எழுத்துகளை விரலால் தொட்டால் கருவி வாய்விட்டுப் படிக்கும். வங்கியில் டோக்கன் எண்ணைக் கூப்பிடுகிற மாதிரி ஒரு குரல். அந்தக் குரலிலும் அக்கா திட்டினாள். காலையில் ஊசி போட வந்த நர்ஸிடம், "வண்டி பார்க் பண்ற மாதிரி குத்தாதே" என்று ஆறு நிமிடம் செலவழித்துச் சொல்லுவாள். நர்ஸும் சிரித்துக்கொண்டு ஆறு நிமிடம் நிற்பாள்.

டாக்டர் ஒருநாள் கம்ப்யூட்டர்காரரை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். "அந்த விரலும் போயிடும். மூணு நாலு மாசம் வச்சுக்கோங்க. கண்ணு மட்டும் கடைசி வரைக்கும் இருக்கும்" என்றார்.

கண்ணால் பேச ஒரு வழி இருந்தது. அதே மென்பொருளின் புதிய பதிப்பு வெளிவந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. எழுத்தை உற்றுப் பார்த்தால் போதும், கருவி பிடித்துக்கொள்ளும். அதற்கு வேண்டிய கேமரா அக்காவின் கருவியிலேயே ஏற்கனவே இருந்தது. மென்பொருள்தான் வரவேண்டும். கம்ப்யூட்டர்காரர் விண்ணப்பித்தார். வரிசையில் அவருடைய எண் பதினாலாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு. மறுநாள் பார்த்தார், பதினாலாயிரத்து அறுநூற்று முப்பது. வரிசையில் பின்னோக்கி எப்படிப் போக முடியும் என்று கேட்டதற்கு, முன்னால் சிலர் சிபாரிசோடு நுழைந்திருப்பார்கள் என்று பதில் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் தலைமை இயக்குநர் வெளிநாடு போய்வந்தார். அங்கே பெரிய சர்வர் எதுவும் இல்லாமலே மென்பொருளைப் பகிர்வதைப் பார்த்து அசந்துபோனார். ஒரு மென்பொருளைத் துண்டு துண்டாக வெட்டுகிறார்கள். வாங்குகிற கணினிகள் ஆளுக்கொரு துண்டை வாங்கி, தம்மிடம் இருப்பதை மற்றவர்களுக்குக் கொடுத்து, இல்லாததை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்கின்றன. ஆள் கூடக் கூட வேகமும் கூடுகிறது. நடுவில் ஒருவரும் தேவையில்லை. நடுவில் ஒருவரும் தேவையில்லாத இந்த ஏற்பாட்டை நடத்துவதற்கு இயக்ககத்தில் நாற்பது பேர் கொண்ட தனிப் பிரிவு தொடங்கப்பட்டது.

தொடக்க விழாவை எல்லா அலுவலகங்களிலும் திரையில் காட்டினார்கள். தலைமை இயக்குநர் முன்னால் இரண்டு கணினிகள். இடது பக்கத்துக் கணினியிலிருந்து வலது பக்கத்துக் கணினிக்கு ஒரு கோப்பைப் பகிர்ந்து, தன்னிடமிருந்து தானே பெற்றுக்கொண்டு, தனக்குத் தானே கைகுலுக்கிக்கொண்டார். கைதட்டல் அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. பிறகு படிவங்கள் வந்தன. கொடுப்பவருக்கு ஒன்று, பெறுபவருக்கு ஒன்று. இதில் எல்லாரும் கொடுப்பவர்கள், எல்லாரும் பெறுபவர்கள் என்பதால் ஒவ்வொருவரும் இரண்டையும் நிரப்பவேண்டும். இரண்டிலும் ஒரே கையெழுத்து இருப்பது ஏன் என்று விளக்கி மூன்றாவதாக ஒன்று. கம்ப்யூட்டர்காரர் மூன்றையும் நீல மையில் நிரப்பினார். கறுப்பு மையில் நிரப்பியவர்கள் பாவம், மறுபடி நிரப்பினார்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும், வேலை நடந்தது. நானூற்றுப் பன்னிரண்டு துண்டுகள் கொண்ட மென்பொருள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அக்காவின் கருவிக்கு வர ஆரம்பித்தது. எந்தத் துண்டு எங்கிருந்து வருகிறது என்று திரையில் ஓடியது. பல் ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி. மாவட்ட நூலகம், பத்திரிகைப் பகுதி. கால்நடை மருத்துவமனை, எக்ஸ்ரே அறை.

அக்கா விரலை நகர்த்தினாள். "மாட்டு டாக்டருக்கு நன்றி" என்றது கருவி.

"அவங்களுக்குக் கேக்காதுக்கா."

"பரவால்ல. நாம ஏதாச்சும் குடுக்கிறோமா?"

"குடுக்கிறோமே. நீ வாங்கின எண்பத்தேழாவது துண்டை இப்ப யாரோ ஒரு பள்ளிக்கூடத்துல உன்கிட்டேருந்து எடுத்துக்கிட்டிருக்காங்க பாரு."

அக்கா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாகப் பிறர் ஊட்டி, பிறர் குளிப்பாட்டி, பிறர் திருப்பிப் படுக்கவைத்த உடம்பு அது. அவளிடமிருந்து யாரோ ஒன்றை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதில் அவளுக்கு எவ்வளவு சந்தோஷம் என்பது கண்ணிலேயே தெரிந்தது. "நல்லா எடுக்கட்டும்" என்று கருவியைச் சொல்ல வைத்தாள். அன்று முழுக்க வேறு எதையும் பார்க்கவில்லை. சாயங்காலம் முந்நூறு ஆயிற்று. மறுநாள் மதியம் நானூற்றுப் பதினொன்று.

அதோடு நின்றுவிட்டது. அன்றும் நின்றது, அடுத்த நாளும் நின்றது, அடுத்த வாரமும் நின்றது. பல் ஆஸ்பத்திரியிலும் நானூற்றுப் பதினொன்று, நூலகத்திலும் நானூற்றுப் பதினொன்று. எல்லாரும் தங்களிடம் இருப்பதை எல்லாருக்கும் கொடுத்து முடித்துவிட்டு, ஒருவரிடமும் இல்லாத ஒன்றுக்காகக் காத்திருந்தார்கள்.

கம்ப்யூட்டர்காரர் மாவட்ட ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போட்டார்.

"எவ்வளவு காட்டுது?" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

"தொண்ணூத்தொன்பது புள்ளி ஏழு சதவீதம் சார்."

"அடேங்கப்பா! நாங்க படிக்கிறப்ப முப்பத்தஞ்சு வாங்கினாலே பாஸ் சார்."

"ஆனா புரோகிராம் ஓடலியே சார்."

"ஓடணும்னு திட்ட அறிக்கையில எங்கயும் இல்லியே. போய்ச் சேரணும்னுதான் இருக்கு. சேர்ந்திருக்கு. உங்களை 'முழுமை'ன்னு ஏற்கனவே மேல அனுப்பியாச்சு, இப்ப போய் இல்லைன்னு சொல்லி என் பிழைப்பைக் கெடுக்காதீங்க."

அன்று சாயங்காலம் கம்ப்யூட்டர்காரர் வீட்டிலிருந்த தன் சொந்தக் கணினியில் அதே மென்பொருளைத் தேடினார். எழுதியவர்களே அதையும் துண்டு துண்டாகத்தான் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். எந்தெந்த நாட்டிலிருந்தோ முகம் தெரியாதவர்கள் கொடுக்க, பதினோரு நிமிடத்தில் நானூற்றுப் பன்னிரண்டும் வந்துவிட்டது. ஒரு பென் டிரைவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காலையில் வார்டுக்குப் போனார். கருவியின் பக்கவாட்டில் பென் டிரைவ் செருகும் இடம் இருந்தது. அதன்மேல் இயக்ககத்தின் சிவப்பு முத்திரை ஒட்டியிருந்தது. "முத்திரை கிழிக்கப்பட்டால் காவலன் செயல்படும். கருவி நிரந்தரமாகப் பூட்டப்படும்" என்று அதில் அச்சடித்திருந்தது.

காவலன் என்பது இயக்ககமே எழுதி எல்லாக் கருவிகளுக்கும் அனுப்பிய பூட்டும் மென்பொருள். பூட்டிக்கொண்டால் புதியது வராதது மட்டுமில்லை, பழையதும் போய்விடும். அந்த ஒற்றை விரலுக்கு இருக்கிற குரலும் போய்விடும்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் விரல் நகர ஆரம்பித்துவிட்டது.

"உடை."

"பூட்டிக்கிச்சுன்னா என்னக்கா பண்றது? இப்ப பேசுறதும் போயிடும்."

"எப்படியும் போகும். உடை."

"ஒரு தடவை தலைமை அலுவலகத்துல நேர்ல கேட்டுப் பாக்கிறேன்கா. ஒரே ஒரு துண்டுதானே, குடுத்துடுவாங்க."

அக்கா அவரை வெகுநேரம் பார்த்தாள். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்து, காலியான சாலையிலும் ஹாரன் அடித்துக்கொண்டே பதினைந்தில் போகிறவர்களை அவள் பார்க்கிற பார்வை. பிறகு, "சரி போ" என்று தட்டினாள்.

தலைமை இயக்ககத்தின் ஆறாவது மாடியில் காப்புப் பிரிவு என்று பலகை தொங்கியது. அதன் கண்காணிப்பாளர் மிகவும் மரியாதையானவர். கம்ப்யூட்டர்காரரை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். பிறகு கண்ணாடி போட்ட ஓர் அறைக்குக் கூட்டிப்போனார். உள்ளே குளிர்பதனம். மேடை மாதிரி ஒன்றின்மேல் ஒரு கணினி, பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு காவலாளி.

"இதுலதான் சார் இருக்கு. நாங்க அனுப்புற எல்லா பாக்கேஜோட கடைசித் துண்டும், எந்த மென்பொருளா இருந்தாலும், இதுலதான் பத்திரமா இருக்கு. காப்புத் துண்டுன்னு பேரு. தலைமை இயக்குநரோட சொந்த யோசனை."

"இதை எப்ப நெட்வொர்க்ல போடுவீங்க?"

கண்காணிப்பாளர் பதறிவிட்டார். "நெட்வொர்க்லயா? அதுல போட்டா எல்லாரும் எடுத்துக்குவாங்களே சார்! அதுக்குத்தான் இதுக்கு கேபிளே குடுக்கல."

துண்டை விடுவிக்க வழியே இல்லாமல் இல்லை. அதற்கு ஒரு குழு இருந்தது. மென்பொருள் ஒழுங்காக வேலை செய்கிறது என்று குழு சோதித்துப் பார்த்து திருப்திப்பட்டால் துண்டை விடுவிக்கலாம். சோதிக்க வேண்டுமென்றால் முழு மென்பொருளும் வேண்டும். குழுவிடம் கடைசித் துண்டு மட்டும்தான் இருக்கிறது. மிச்சம் நானூற்றுப் பதினொன்றும் நாடெங்கும் இருக்கிறது, ஆனால் குழுவின் கணினிக்குக் கேபிள் இல்லை. அதனால் குழு ஒவ்வொரு மாதமும் முதல் வியாழக்கிழமை கூடி, அந்த ஒரு துண்டை வைத்துக்கொண்டு அது வேலை செய்கிறதா என்று பார்த்து, வேலை செய்யவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கலைந்தது.

"எங்கிட்ட மிச்சம் எல்லாம் இருக்கு சார்" என்று கம்ப்யூட்டர்காரர் சட்டைப் பையைத் தொட்டார். "நானே கொண்டாந்து..."

"ஐயோ, அதைச் சொல்லாதீங்க, என் காதுல விழல" என்று கண்காணிப்பாளர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "நல்லவேளை எங்கிட்ட சொன்னீங்க. முறைப்படி மனு குடுங்க சார். உங்க அக்கா கையெழுத்து வேணும்."

"அவங்களுக்குக் கை வராது சார்."

"அப்ப வாய்மொழியா ஒரு வாக்குமூலம்."

கம்ப்யூட்டர்காரர் அவரைப் பார்த்தார். கண்காணிப்பாளர் முகத்தில் கேலி கிண்டல் எதுவும் இல்லை. உண்மையாகவே உதவி செய்யத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். நிரப்பாத மனுவை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர்காரர் ஊர் திரும்பினார்.

அக்காவின் விரல் மெதுவாகிக்கொண்டே வந்தது. ஒரு சொல்லுக்கு ஒரு நிமிடம் என்பது மூன்று நிமிடம் ஆயிற்று. பதினெட்டாம் படுக்கைக்கு ஒரு தையற்காரர் வந்து சேர்ந்தார். அதே நோய். அவருக்கு வரும்போதே விரலும் இல்லை, குரலும் இல்லை. அவருடைய மனைவி காலையிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து, "தண்ணியா? திருப்பிப் படுக்கணுமா? கால் வலிக்குதா? பெரியவளைக் கூப்பிடணுமா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். சரியானதைக் கேட்டால் அவர் கண்ணை மூடித் திறப்பார். சில நாள் அவள் நாற்பது ஐம்பது கேள்வி கேட்டும் ஒன்றுக்கும் அவர் கண் மூடாது. அப்போது அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விடுவாள். அவருக்கு மேலேயும் ஒரு கருவி தொங்கியது. அதிலும் நானூற்றுப் பதினொன்று.

பகிர்வுத் திட்டத்தின் நூறாவது நாள் வெற்றி விழாவுக்கு எல்லா மருத்துவமனைகளிலிருந்தும் கணினி ஊழியர்கள் வரவேண்டும் என்று ஆணை வந்தது. கம்ப்யூட்டர்காரரும் போனார். தலைமை இயக்குநர் ஒன்றேகால் மணி நேரம் பேசினார்.

"நண்பர்களே! பகிர்வு, பகிர்வுன்னு உலகமே பேசுது. ஆனா பகிர்வுல ஒரு பெரிய ஆபத்து இருக்கு. அதை யாரும் யோசிக்கல, நான் யோசிச்சேன். எல்லாத்தையும் குடுத்துட்டா வாங்கினவன் திரும்பி வருவானா? வரமாட்டான். மக்கள் நம்மகிட்ட வரணும், கேக்கணும், மனு குடுக்கணும், நாம அதைக் கனிவோட பரிசீலிக்கணும். அதுக்குப் பேருதான் மக்கள் தொடர்பு. ஒரே ஒரு துண்டை நம்மகிட்ட வச்சுக்கிட்டதால இந்த நூறு நாள்ல நமக்கு வந்த மனு எத்தனை தெரியுமா? முப்பத்தோராயிரம்! அதுக்கு முன்னாடி நம்மளை யாராச்சும் சீண்டினாங்களா?"

அரங்கம் அதிர்ந்தது. கேள்வி நேரத்தில் கம்ப்யூட்டர்காரர் எழுந்து நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கூட்டத்தில் எழுந்து நிற்கிறார்.

"ஐயா, எங்க அக்காவுக்கு ஒரு துண்டு பாக்கி இருக்கு. அது இல்லாம அவங்களால பேச முடியாம போயிடும்."

"எத்தனை வந்திருக்கு?"

"நானூத்திப் பதினொண்ணு ஐயா."

தலைமை இயக்குநர் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு மேடையின் ஓரத்துக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது. "கேட்டீங்களா? நானூத்திப் பதினொண்ணு கையில இருக்கு. ஆனாலும் அந்த ஒண்ணை நாமதான் குடுக்கணும்னு இவ்வளவு தூரம் நம்மளைத் தேடி வந்திருக்கார். நம்ம மேல மக்கள் வச்சிருக்கிற நம்பிக்கைக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்? மேல வாங்க சார்!"

மேலே ஏற்றி, தோளில் கை போட்டு, படம் எடுத்தார்கள். மறுநாள் பத்திரிகையில் "பயனாளியின் நெகிழ்ச்சி" என்று வந்தது. நர்ஸ் அதை அக்காவின் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினாள். அக்கா கால் மணி நேரம் தட்டினாள்.

"போட்டோ நல்லாருக்கு. முடி வெட்டு."

கம்ப்யூட்டர்காரர் சிரித்தார். சிரித்துக்கொண்டே தன் அறைக்குப் போய், கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, துணி துவைக்கும் இயந்திரங்களின் சத்தத்தில் அழுதார். பையில் பென் டிரைவ் இருந்தது. அன்றைக்கு மூன்று தடவை பதினேழாம் படுக்கைக்குப் போய் அந்தச் சிவப்பு முத்திரையின் ஓரத்தில் நகத்தை வைத்தார். மூன்று தடவையும் எடுத்துவிட்டார். "முடி வெட்டு" என்று சொல்ல இருக்கிற வழியைத் தன் கையாலேயே மூடிவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

பத்து நாள் கழித்து ஒரு காலை வேளையில் அக்கா "ஜ" என்று தட்டினாள். வெகுநேரம் கழித்து "ன்" என்று தட்டினாள். பிறகு விரல் எழும்பவில்லை.

"ஜன்னலாக்கா?" என்றார் கம்ப்யூட்டர்காரர். ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தார். அவள் கண்ணைப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. மூடினார். பாதி திறந்தார். திரைச்சீலையை இழுத்தார். ஜன்னல் பக்கம் யாராவது வந்திருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். அக்காவின் கண் அவரோடு ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் போய்ப்போய் வந்தது. அது ஜன்னலைப் பற்றியதுதானா என்பதே அவருக்கு இன்றுவரை தெரியாது.

அதன்பிறகு நாற்பத்தேழு நாள் அவள் உயிரோடு இருந்தாள். டாக்டர் சொன்ன மாதிரி கண் கடைசி வரைக்கும் இருந்தது. தம்பி எங்கே போனாலும் கூடவே போயிற்று. அவர் தையற்காரரின் மனைவியைப் போலக் கேள்வி கேட்கப் பழகினார். தண்ணியா, வலிக்குதா, விளக்கை அணைக்கணுமா. உடைக்கட்டுமா என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டால் அவள் கண்ணை மூடித் திறந்துவிடுவாள். மாத முதல் வியாழக்கிழமை குழு கூடும், துண்டு வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு முதல் வியாழக்கிழமைகள் வந்து போயின. இரண்டாவது வியாழக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை காலை, நர்ஸ் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது, அக்கா போய்விட்டாள்.

பயனாளி இறந்தால் கருவியைத் தலைமை இயக்ககத்தில் நேரில் ஒப்படைக்கவேண்டும் என்பது விதி. பதினாறாம் நாள் கம்ப்யூட்டர்காரர் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆறாவது மாடிக்குப் போனார். கண்காணிப்பாளர் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டு துக்கம் விசாரித்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு கருவியை அப்படியும் இப்படியும் திருப்பி முத்திரையைப் பார்த்தார்.

"ஓரத்துல கூட பிரியல! சார், உங்களை மாதிரி ஆளுங்க இருக்கிறதாலதான் சார் இந்த டிபார்ட்மென்ட்டே நிக்குது" என்று மேசை இழுப்பறையைத் திறந்து, பொன்னிற ஓரம் போட்ட ஒரு சான்றிதழை எடுத்தார். "முத்திரை காத்த ஊழியர்" என்று அச்சடித்திருந்தது. பெயர் எழுதும் இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டே பேசினார்.

"நாலஞ்சு ஆஸ்பத்திரில உடைச்சிருக்காங்க சார். கொஞ்சம் கூட பயமே இல்ல. அவங்க மேல நடவடிக்கை எடுக்க ஃபைல் போயிருக்கு."

"அவங்க கருவியெல்லாம் பூட்டிக்கிச்சா?"

"எங்க பூட்டிக்கிச்சு!" கண்காணிப்பாளர் சிரித்துவிட்டார். ரகசியம் சொல்கிறவரைப் போலக் கிட்டே குனிந்தார். "வெளிய சொல்லாதீங்க. காவலனும் ஒரு பாக்கேஜ்தானே சார். அதையும் துண்டு போட்டுத்தானே அனுப்பினோம். அதோட கடைசித் துண்டும் இந்த ரூம்லதானே இருக்கு! ஒரு மெஷினுக்கும் அது முழுசா போய்ச் சேரவே இல்ல சார். அந்த ஸ்டிக்கர் வெறும் ஸ்டிக்கர்தான். பாத்துப் பயப்படறவங்களுக்கு அதுவே போதும். உங்க இனிஷியல் என்ன?"

கம்ப்யூட்டர்காரருக்கு அது முதலில் காதில் ஏறவில்லை. ஏறிய பிறகு கணக்குப் போட்டார். நூற்றைம்பது நாளுக்கு மேல் பென் டிரைவ் பையில் இருந்திருக்கிறது. மூன்று தடவை முத்திரையின் ஓரத்தில் நகம் இருந்திருக்கிறது. பதினேழாம் படுக்கையிலிருந்து அக்கா சொன்னதெல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. எழுந்து வெளியே நடந்தார். கண்காணிப்பாளர் பின்னாலேயே படிக்கட்டு வரைக்கும் வந்து, இனிஷியல், இனிஷியல் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மதியம் மூன்று மணிக்கு அவர் நரம்பு வார்டுக்குள் நுழைந்தார். பதினேழாம் படுக்கையில் வேறு யாரோ இருந்தார்கள். பார்க்காமல் தாண்டிப் பதினெட்டுக்குப் போனார். தையற்காரரின் மனைவி கணவனின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணே, துண்டு வந்துருச்சா?" என்றாள்.

கம்ப்யூட்டர்காரர் குனிந்தார். கருவியின் பக்கவாட்டிலிருந்த முத்திரையை நகத்தால் பிடித்து இழுத்தார். பழைய பசை, சுலபமாக வந்துவிட்டது. அந்தப் பெண் "ஐயோ அண்ணே!" என்று எழுந்தாள். கருவி பூட்டிக்கொள்ளவில்லை, முனகக்கூட இல்லை. பென் டிரைவைச் செருகினார். நாலு நிமிடம் ஆயிற்று. திரையில் எழுத்துகள் விரிந்தன. ஒரு சின்ன வெள்ளை வட்டம் தையற்காரரின் கண்ணைத் தேடிக் கண்டுபிடித்து, அது போகும் இடமெல்லாம் போயிற்று.

"எழுத்தைப் பாருங்கண்ணே. ஒவ்வொண்ணா. அவசரமே இல்ல" என்றார் கம்ப்யூட்டர்காரர்.

தையற்காரர் பார்த்தார். தப்பான எழுத்தில் போய், அழித்து, திரும்ப வந்தார். அவருடைய மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வார்டில் ஊசித் தட்டோடு வந்த நர்ஸும் நின்றுவிட்டாள். எட்டு மாதமாக ஒரு சொல்லும் சொல்லாத மனிதர் என்ன சொல்லப்போகிறார் என்று எல்லாரும் திரையையே பார்த்தார்கள். கடைசியில் அந்த வங்கிக் குரல் நிதானமாகப் படித்தது.

"இது இவ்வளவு நாள் எங்க இருந்துச்சு?"

கம்ப்யூட்டர்காரர் சட்டைப் பையைத் தொட்டார். சொல்ல வாயெடுத்தார். தையற்காரரின் கண் அவர் முகத்தை விட்டு நகராமல், பதிலுக்காகக் காத்திருந்தது.

"எங்கிட்டதான் இருந்துச்சு" என்றார்.